புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தல்: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் இப்போதே தொடங்கலாம். மேல்நிலை வகுப்புக்குச் சென்றவர்கள் பாடப் பெயர்களையும் மதிப்பெண் கணக்கையும் மாற்றிக்கொண்டால் போதும்.

மாலை வகுப்புகளில் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே காட்சியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒரு பாடத்தை நான்கு முறை உரக்க வாசித்துவிட்டு, "படிச்சிட்டேன் சார்" என்று மாணவர் எழுந்து வருவார். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளைத்தாளைக் கொடுத்தால், இரண்டு வரிகளுக்குப் பின் பேனா நின்றுவிடும். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குப் பழகிவிட்ட பக்கத்தை, கையால் எழுத வந்துவிட்ட பக்கம் என்று நம்பிவிட்டார். இந்த இரண்டும் வேறுவேறு என்பதைத் தேர்வறையில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது. கீழே உள்ள படிகள் அதற்காகவே இந்த வரிசையில் தரப்பட்டுள்ளன.

1. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

பாடநூல், ஒரு நீள நோட்டு, பிழைகளை மட்டும் குறிப்பதற்கு ஒரு சிறிய நோட்டு, ஒரு பக்கம் அச்சிட்டு மறுபக்கம் வெறுமையாக இருக்கும் பழைய தாள்களின் கட்டு, நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, நாள்தோறும் கண்ணில் படும் இடத்தில் ஒரு மாத நாள்காட்டி, முள் வைத்த ஒரு கடிகாரம் ஆகியவை போதும். ஐந்து நிறத்தில் ஹைலைட்டர் வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்க வேண்டாம். கோடு போட்டு முடிக்கும்போது வேலை முடிந்த நிறைவு வந்துவிடுகிறது, ஆனால் நினைவில் எதுவும் ஏறியிருப்பதில்லை.

கடிகாரத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணி பார்ப்பதற்காகக் கைபேசியை எடுப்பவர் மணியை மட்டும் பார்த்துவிட்டு வைப்பதில்லை. படிக்கும் நேரத்தில் கைபேசி அடுத்த அறையில், வீட்டுப் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். காணொளிப் பாடம் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். படிப்பின் நடுவே வேண்டாம்.

கைடு வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு வினாவுக்குப் பாடநூலைப் பார்த்து நீங்களே விடை எழுதிய பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். முதலில் கைடைத் திறப்பவர் பாடத்தைப் படிப்பதில்லை. வேறொருவர் பாடத்தைப் படித்து எழுதிய சுருக்கத்தைப் படிக்கிறார்.

2. வினாத்தாளின் அமைப்பை முதலில் அறிதல்

எதை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வினாத்தாள்தான் என்பதால், பாடத்தைத் தொடும் முன்பே அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 எழுத வேண்டும், மொத்தம் 100. இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் 14 வினாக்கள் தரப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாய வினாவாக இருக்கும். எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கும் செய்முறை 25 மதிப்பெண்ணுக்கும் நடக்கின்றன. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் 7, நான்கு மதிப்பெண் 7, ஏழு மதிப்பெண் 3 என வினாக்கள் அமையும்.

இந்த எண்களிலிருந்து உடனே ஒரு முடிவுக்கு வரலாம். கணிதத்தில் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். கேட்கப்படும் வகைகளோ மிகக் குறைவு. இந்தப் பகுதியை ஆண்டின் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களே அதிகம். நான் இதைத்தான் முதல் இரண்டு மாதங்களுக்குள் முடிக்கச் சொல்வேன், ஏனெனில் கணக்கில் தடுமாறும் மாணவருக்கும் கைப்பழக்கத்தால் முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய இடம் இது.

3. வகுப்பு நடந்த அன்றே முதல் வாசிப்பு

பள்ளியில் ஒரு பாடப்பகுதி நடந்த அன்று மாலையே அதே பகுதியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இருபது நிமிடம் போதும். ஆசிரியர் சொன்ன எடுத்துக்காட்டும் கரும்பலகைப் படமும் அன்று நினைவில் இருக்கும். நான்கு நாள் கழித்தால் பாதி போய்விடும், அதே பக்கத்துக்கு நாற்பது நிமிடம் தேவைப்படும்.

வாசிக்கும்போது கோடு போடாமல், ஒவ்வொரு பத்திக்கும் பக்க ஓரத்தில் ஒரு வினாவைப் பென்சிலால் எழுதுங்கள். "இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிள் சுவர் ஏன் தடிமனாக உள்ளது?" என்பதுபோல் வினா குறிப்பாக இருக்க வேண்டும். "இதயம் பற்றி எழுது" என்பது வினாவன்று, தலைப்பு. ஒரு பத்திக்கு வினா எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி புரியவில்லை என்று பொருள். அங்கே ஒரு சுழி போட்டு வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

4. மூடி எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

முதல் வாசிப்பு முடிந்து பத்து நிமிடம் கழித்துப் புத்தகத்தை மூடுங்கள். பழைய தாள் ஒன்றில், ஓரத்தில் எழுதிய வினாக்களை மட்டும் பார்த்துக்கொண்டு, விடைகளை நீலப் பேனாவால் எழுதுங்கள். நினைவு வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடமாவது யோசியுங்கள். திணறித் தேடி எடுத்த விடை, பார்த்து எழுதிய விடையைவிட நெடுநாள் நிற்கிறது. முடிந்தவரை எழுதிய பிறகே புத்தகத்தைத் திறந்து, விட்டவற்றைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள்.

சிவப்பு எங்கே விழுகிறது என்பதுதான் இதன் பயன். ஓம் விதியை எடுத்துக்கொள்வோம். என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் முறை இப்படித்தான் எழுதுகிறார்கள்: "கடத்தி ஒன்றின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்த்தகவில் இருக்கும்." படிக்கச் சரியாகவே தோன்றுகிறது. புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டால் தொடக்கத்தில் இருக்க வேண்டிய "மாறாத வெப்பநிலையில்" என்ற இரண்டு சொற்கள் விடுபட்டிருக்கும். வெப்பநிலை மாறினால் கடத்தியின் மின்தடை மாறிவிடும் என்பதால் அந்த நிபந்தனை இல்லாமல் விதி நிற்காது. அந்தப் பக்கத்தைப் பத்து முறை வாசித்த மாணவரின் கண்ணுக்கு அந்த இரண்டு சொற்கள் ஒவ்வொரு முறையும் தென்பட்டிருக்கும். எழுதிப் பார்த்தபோதுதான் அவை தம்மிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

இது என் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் சற்று முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்த பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காடும், மீண்டும் வாசித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். மறுவாசிப்பு உடனே பலன் தருவதுபோல் தெரிவதால்தான் மாணவர்கள் அதை விட மறுக்கிறார்கள்.

அறிவியல் படங்களுக்கும் இதே முறைதான். படத்தைப் பார்த்து வரைவது ஓவியப் பயிற்சி. மூடிவிட்டு வரைந்து பாகம் குறிப்பதே படிப்பு. இதயப் படத்தில், பார்ப்பவரின் வலப்புறம் தெரிவது இதயத்தின் இடப்பக்கம் என்பதை மறந்து பெயர்களை மாற்றிக் குறிக்கும் பிழை மூடி வரையும்போதுதான் வெளியே வரும்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, விடையைப் பார்த்துப் பத்து முறை எழுதுவது. இரண்டாம் முறைக்குப் பிறகு கை மட்டுமே வேலை செய்கிறது. பத்து முறை எழுதச் சொல்லித் தண்டனை தரும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் இருப்பதால், அதையே படிக்கும் முறை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பார்க்காமல் இரண்டு முறை எழுதுவது அதைவிட மேல்.

5. இடைவெளி விட்டுத் திரும்புதல்

மூடி எழுதிய பாடம் ஒரு வாரத்தில் மங்கத் தொடங்கும். மங்கும் நேரத்தில் மீண்டும் நினைவிலிருந்து எடுத்தால், அடுத்த முறை மங்குவதற்கு இன்னும் அதிக நாளாகும். ஆகவே ஒரே நாளில் நான்கு முறை படிப்பதற்குப் பதிலாக, அந்த நான்கு முறையையும் ஒரு மாதத்தில் பரப்ப வேண்டும்.

ஜூலை 1ஆம் தேதி படித்த பகுதிக்கு நாள்காட்டியில் ஜூலை 2, 5, 12, ஆகஸ்ட் 1 ஆகிய நாள்களில் பாடத்தின் பெயரைச் சுருக்கமாக எழுதிவிடுங்கள். அந்த நாள்களில் புத்தகத்தை வாசித்துத் தொடங்கக் கூடாது. ஓர வினாக்களுக்கு எழுதிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். முதல் முறை அரை மணி எடுத்த பகுதி, நான்காம் முறை எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லா விடையும் வந்துவிட்ட வினாவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி பெற்ற வினாவைத் திருப்புதல் தேர்வு வரை விட்டுவிடலாம்.

இந்த நாள் கணக்கு ஒன்றும் புனிதமானதன்று. ஊர்த் திருவிழாவோ காய்ச்சலோ வந்து ஒரு நாள் தவறினால் மறுநாள் செய்துகொள்ளுங்கள். தவறிய நாள்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் செய்கிறேன் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தக் குவியலைப் பார்த்தே முறையைக் கைவிட்டுவிடுவீர்கள். குவிந்துவிட்டால் பழையதை அழித்துவிட்டு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது.

6. கணக்குக்குத் தனி வழி

கணக்கை வாசித்துப் படிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கதைபோல் வாசித்துவிட்டுப் பயிற்சிக்குத் தாவுகிறவர்கள் பலர். எடுத்துக்காட்டின் வினாவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, தீர்வை ஒரு தாளால் மறைத்து, ஒவ்வொரு வரியாக நீங்கள் எழுதிய பிறகு தாளைக் கீழே இறக்குங்கள். உங்கள் வரியும் புத்தகத்தின் வரியும் பிரியும் இடத்தில் நின்று, ஏன் பிரிந்தது என்று பாருங்கள்.

ஒரு கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் காண வேண்டும். முதல் எண் 301, கடைசி எண் 595 என்பதுவரை ஏறக்குறைய எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள். உறுப்புகளின் எண்ணிக்கைக்கு 595இலிருந்து 301ஐக் கழித்து 294 பெற்று, 7ஆல் வகுத்து 42 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அந்த 42 உறுப்புகளுக்கு இடையேயுள்ள தாவல்களின் எண்ணிக்கை. உறுப்புகள் அதைவிட ஒன்று கூடுதல், ஆகவே 43. வேலியில் கம்பங்களையும் கம்பங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளிகளையும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கிவிடும். முதலும் கடைசியும் சேர்ந்து 896, அதில் பாதி 448, அதை 43ஆல் பெருக்கினால் 19,264. ஒன்றைக் கூட்ட மறந்தவருக்கு 18,816 வரும். வழிமுறை முழுவதும் சரியாக இருந்தும் விடை தவறு. சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் இந்த ஒன்றை மறக்கிறார். அது ஏன் வருகிறது என்று அறிந்தவர் மறப்பதில்லை.

அடுத்தது, கணக்குகளைக் கலந்து போடுவது. ஒரே பயிற்சியில் பத்துக் கணக்கு தொடர்ந்து போட்டால் இரண்டாம் கணக்கிலிருந்தே எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் தேவை இல்லாமல் போகிறது, அந்தப் பயிற்சியின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. கூட்டுத்தொடர்வரிசையில் இரண்டு, பெருக்குத்தொடர்வரிசையில் இரண்டு, அளவியலில் கூம்பும் இடைக்கண்டமும் ஒவ்வொன்று, முக்கோணவியலில் ஒன்று எனச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடுங்கள். முதலில் மதிப்பெண் குறையும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இப்போதுதான் முதன்முதலாகச் செய்கிறீர்கள். ஆனால் புதிதாகக் கற்கும் பாடத்தில் கலக்கக் கூடாது. ஒரு வகையில் ஐந்தாறு கணக்குத் தனியாக வந்த பிறகே அதைக் குலுக்கலில் சேருங்கள்.

வடிவியல் வரைதலில் உதவிப்படத்தை முதலில் போடுங்கள். நேரம் மிச்சமாகும் என்று அதை விடுபவர், பாதி வரைந்த பிறகு அளவு தவறி அழித்து, இரண்டு மடங்கு நேரம் செலவிடுகிறார்.

7. பிழை நோட்டு

ஒவ்வொரு பிழைக்கும் மூன்று வரி போதும்: என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன், எதைப் பார்த்திருந்தால் தவறியிருக்காது. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. கவனக்குறைவுக்கும் ஓர் இடம் உண்டு: கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோகவில்லை, அலகு எழுதவில்லை, வினாவில் விட்டம் தந்திருக்க ஆரம் என்று எடுத்துக்கொண்டேன் என்று குறிப்பாக எழுத வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குள் ஒரே பிழை நான்கு இடங்களில் இருப்பது தெரியவரும். அதைத் திருத்துவது புதிதாக ஒரு பாடம் படிப்பதைவிடப் பயன் தரும்.

8. ஆண்டுகள், நிலவரைபடம், செய்யுள்

சமூக அறிவியலில் ஆண்டுகளைத் தனித்தனியாக உருப்போடுவதால்தான் அவை இடம் மாறுகின்றன. காரணத்தால் கோத்துக்கொள்ளுங்கள். 1919இல் ரௌலட் சட்டம், அதை எதிர்த்துப் போராட்டம் எழுந்த அதே ஆண்டில் ஜாலியன் வாலாபாக் படுகொலை, அதன் சினத்தோடு 1920இல் ஒத்துழையாமை இயக்கம், 1922இல் சௌரி சௌராவில் வன்முறை நடந்ததால் அது நிறுத்தம். இப்படிக் கோத்தால் ஓர் ஆண்டு மறந்தாலும் முன்னும் பின்னும் உள்ளவை அதை இழுத்து வந்துவிடும்.

நிலவரைபடத்துக்கு வெற்றுப் படங்களை வாங்கி வாரம் ஒன்று நினைவிலிருந்து குறியுங்கள். செய்யுள் மட்டும் விதிவிலக்கு: அடிமாறாமல் எழுத வேண்டியிருப்பதால் உரக்கச் சொல்லிப் பழகலாம், ஓசையே அடுத்த சீரை எடுத்துத் தரும். ஆனால் இறுதியில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். வாய் சொல்லும்போது மறைந்திருந்த ரகர றகரப் பிழைகளும் ஒற்றுப் பிழைகளும் எழுத்தில் தெரியும்.

9. கால அட்டவணை

அட்டவணையை முதல் படியாக வைக்காமல் இவ்வளவு கீழே வைத்திருப்பது வேண்டுமென்றேதான். ஜூன் மாதத்தில் வண்ணப் பென்சிலால் போட்டுச் சுவரில் ஒட்டிய அட்டவணைகள் ஆடிக்குள் கிழிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பகுதிக்கு எவ்வளவு நேரம் தேவை என்று தெரியாமல் போட்ட கணக்கு அது. மேலே சொன்ன படிகளை இரண்டு வாரம் செய்து, ஒவ்வொரு வேலையும் எத்தனை நிமிடம் எடுத்தது என்று குறித்துக்கொண்ட பிறகு அட்டவணை போடுங்கள்.

பள்ளி நாளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். நாற்பது நிமிடப் படிப்பு, பத்து நிமிட இடைவேளை என மூன்று சுற்று. முதல் சுற்றில் நாள்காட்டியில் உள்ள திருப்புதல், இரண்டாவதில் கணக்கு, மூன்றாவதில் அன்றைய பாடம். திருப்புதலைக் கடைசியில் வைத்தால் அது தினமும் விடுபட்டுப் போகும். அதிகாலைதான் படிக்க ஏற்றது என்று வீட்டில் எழுப்பிவிடுகிறார்கள் என்றால், இரவு அதற்கேற்ப முன்னதாகப் படுங்கள். பதினொன்றரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுகிறவர் இரண்டு வேளையிலும் தூங்கி வழிகிறார். படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கமும் வேண்டும்.

10. முழுத் தேர்வை வீட்டில் எழுதிப் பார்த்தல்

அரையாண்டுக்குப் பிறகு, வாரம் ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுங்கள். தேர்வு காலையில் நடப்பதால் பயிற்சியும் காலையில் இருக்கட்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது.

கணிதத் தாளுக்கு நான் தரும் நேரப் பங்கீடு இது: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 35, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, வரைதலும் வரைபடமும் சேர்த்து 30, சரிபார்க்க 20. முதல் முறை ஐந்து மதிப்பெண் பகுதி 110 நிமிடம் வரை போகும். எந்தக் கணக்கில் சிக்கினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே கணக்கில் இருபது நிமிடம் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பீர்கள். பத்து நிமிடத்தில் நகராத கணக்குக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுவதும் பயிற்சியால் வருவதே.

எழுதிய தாளை நீங்களே திருத்தக் கூடாது. உங்கள் மனத்தில் இருப்பதைத் தாளில் இருப்பதாக எண்ணி மதிப்பெண் போட்டுவிடுவீர்கள். நண்பர் ஒருவரோடு தாளை மாற்றிக்கொண்டு, பாடநூலை வைத்து வரிவரியாகத் திருத்துங்கள்.

11. தேர்வுக்கு முந்தைய நாளும் தேர்வறையும்

புதிய பாடம் எதையும் அன்று தொடங்க வேண்டாம். பிழை நோட்டை முழுவதும் வாசியுங்கள். மூன்று புள்ளி பெறாத வினாக்களை மட்டும் எழுதிப் பாருங்கள். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, கூராக்கிய பென்சில், கவராயம், அளவுகோல் ஆகியவற்றை மாலையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று திருகிப் பார்த்து வையுங்கள். தளர்ந்த கவராயத்தில் வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாது.

வினாத்தாளை வாசிக்கத் தரப்படும் பத்து நிமிடத்தில் கட்டாய வினாக்களை முதலில் பாருங்கள், ஏனெனில் அவற்றில் விருப்பத் தேர்வுக்கு இடமில்லை. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் விட்டுவிடப்போகும் வினாக்களை மனத்தில் குறித்துக்கொண்டு, எழுதும் மணி அடித்ததும் நன்கு தெரிந்த வினாவிலிருந்து தொடங்குங்கள்.